மதிலைக் கும்பிட்டவன்

ஒரு வருடத்துக்கு மேலாக, வெள்ளிக்கிழமை தவறாமல், நான் பெர்லின் மதிலைக் கும்பிட்டு வந்திருக்கிறேன். சும்மா கும்பிடவில்லை. குளிப்பாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, பூச் சாத்திக் கும்பிட்டிருக்கிறேன். அந்த மதிலைப் பார்த்து அழுதவர்கள் இருக்கிறார்கள், ஏறிக் குதித்தவர்கள் இருக்கிறார்கள், சுத்தியலால் உடைத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேர்த்திக்கடன் வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதைக் கேட்டு நீங்கள் என்னை முட்டாள் என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. வெறும் முட்டாள்தனம் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இத்தாலியில், பலேர்மோ நகரத்தில் நான் வீட்டு வேலை செய்கிறவன். சீசா என்கிற பகுதியில், நாலாம் மாடியில் தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். சமையல், துடைப்பு, மருந்து, பின்னேரம் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன நடை. இங்கே வேலை செய்கிற வீட்டுக்காரி யாராக இருந்தாலும் எங்களுக்குச் சிஞ்ஞோராதான். இவரும் சிஞ்ஞோராதான், ஆனால் இத்தாலிக்காரி இல்லை. பெர்லினில் பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரி. அங்கே வேலைக்குப் போன ஒரு பலேர்மோக்காரரைக் கலியாணம் முடித்து, அவர் ஓய்வு பெற்றதும் அவரோடு இங்கே வந்து, அவர் கண்ணை மூடிய பிறகும் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டவர். அவர் பேசுவது இலக்கணம் பிசகாத இத்தாலியன். நான் பேசுவது பலாரோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிப் பழகிய இத்தாலியன். இரண்டு பேருக்குமே அது அந்நிய மொழி என்பதால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும்.

அவருடைய முன்னறையில் புத்தக அலுமாரி ஒன்று இருக்கிறது. எல்லாத் தட்டிலும் புத்தகம் பிதுங்கும். நடுத்தட்டில் மட்டும் ஒரு புத்தகமும் இல்லை. அங்கே ஒரு கல். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் கரடுமுரடு, மறுபக்கம் மட்டம், மட்டமான பக்கத்தில் சிவப்பு அப்பியிருக்கிறது. அதற்கு முன்னால் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி. வீட்டில் சிலுவை கிடையாது, மாதா படம் கிடையாது. நீங்களே சொல்லுங்கள். ஒரு கல்லு, அதன் நெற்றியில் குங்குமம், முன்னால் விளக்கு. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு வேறு என்னதான் தோன்றும்?

அதுவும் பலேர்மோவில் இருக்கிற எங்கள் சனம், இருக்கிற இடத்தில் இருக்கிற சாமியைக் கும்பிடப் பழகிய சனம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலையேறி, குகைக்குள் இருக்கிற கத்தோலிக்கப் புனிதைக்கு நேர்த்தி வைப்பதில் சைவக்காரர் நாங்கள்தான் முன்வரிசை. ஜெர்மன்காரருக்கும் ஒரு குலதெய்வம் இருக்கக் கூடாதா? சிஞ்ஞோராவிடம் கேட்டிருக்கலாம். ஒருவருடைய சாமியைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்பது மரியாதை இல்லையே என்று விட்டுவிட்டேன். மரியாதையால் வந்த கேடு.

முதலில் தூசி மட்டும்தான் தட்டினேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கழுவினேன். பிறகு வீட்டிலிருந்து சின்னப் பேணியில் சந்தனம் கொண்டுவந்தேன். பல்கனிக்குப் பல்கனி ஈழத்தலரி பூக்கிற ஊர் இது, பூவுக்கும் பஞ்சமில்லை. அப்படியே மெல்லக் கேட்கவும் தொடங்கினேன்.

முதலில் கேட்டது பெர்மெஸ்ஸோ. இந்த நாட்டில் இருக்கலாம் என்று தருகிற அட்டை. பல வருடம் அது இல்லாமல் இருந்தவன் நான். அது இல்லாதவன் வெளிநாட்டுக்குப் போகலாம், திரும்பி வரத்தான் முடியாது. சிஞ்ஞோரா, இவன் என் வேலையாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால்தான் என் விண்ணப்பமே அசைந்தது. போன மார்கழியில் அட்டை கைக்கு வந்தது. சிஞ்ஞோராவுக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன். கல்லுக்கு இரட்டைப் பூ.

அட்டை வந்ததை நான் சொல்லாத ஆள் ஒருவர் இருந்தார். ஊரில் இருக்கும் என் அண்ணர்.

அம்மா செத்தபோது என்னிடம் அட்டை இல்லை. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன். நான்தான் இளையவன். நான் இங்கே ஒரு குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் அண்ணர் கொள்ளிக்குடத்தை நோவெடுத்த தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. நான் அழுதேன், பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, அந்தக் குடத்தை நான் தூக்க வேண்டியதில்லை என்று உள்ளே ஓர் ஓரம் ஆறுதல்பட்டது. அந்த ஓரத்தை இன்றைக்குவரைக்கும் ஒருவரிடமும் காட்டியதில்லை.

அம்மாவின் திவசம் தை மாதம் வரும். ஒவ்வொரு தையிலும் அண்ணர்தான் செய்தார். ஒவ்வொரு முறையும் போனில் ஒரே கேள்வி.

“தம்பி, காட் வந்திட்டுதே?”

“எங்கை அண்ணை, பெர்மெஸ்ஸோ இன்னும் வரேல்லை. கந்தோரிலை இழுத்தடிக்கிறாங்கள்.”

கந்தோரில் இருந்த மனிசன் பாவம், அட்டையை என் கையில் தந்து, வாழ்த்தும் சொல்லி அனுப்பியவர். மார்கழியில் அட்டை, அடுத்த மாதம் திவசம். போயிருக்கலாம். நான் போனில் அதே வசனத்தைத்தான் சொன்னேன். வாய் அவ்வளவு பழகியிருந்தது. முதல் தடவை பொய்யாகச் சொன்னபோது, நேற்றுவரைக்கும் உண்மையாக இருந்ததுதானே, ஒருநாள் கூடப் போனால் என்ன என்று நினைத்தேன். அந்த ஒருநாள் நீண்டு மாசியானது, பங்குனியானது. பிறகு, இப்போது வந்தது என்று சொன்னால் எப்போது வந்தது என்று கேட்பாரே என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

என் மனிசிக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

“அண்ணரோடை கதைக்கேக்கை ஏன் மூக்கைச் சொறியிறியள்?”

“கடிக்குது, சொறியிறன்.”

“பொய் சொல்லேக்கைதான் உங்களுக்குக் கடிக்கிறது.”

“போனிலை மூக்குத் தெரியாதப்பா.”

“அப்ப வீடியோவைப் போட்டுக் கதையுங்கோவன். இல்லாட்டி நான் சொல்லட்டே?”

“ஐயோ, சொல்லிப்போடாதையும்!”

அவள் ஒன்றும் சொல்லாமல் வெங்காயத்தை வெட்டினாள். அவள் ஒன்றும் சொல்லாததை அந்த நேரம் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கல்லுக்கு முன்னால் நின்று வேறு ஒரு வரம் கேட்டேன். அண்ணர் கேட்கக் கூடாது. அவருக்கு ஒரு கெடுதலும் வரவேண்டாம், நல்லாய் இருக்கட்டும், என்னிடம் மட்டும் கேட்காமல் இருக்கட்டும். கேட்டது ஆவணியில். அந்தக் கிழமையே அண்ணரிடமிருந்து அழைப்பு நின்றது. விசாரித்தால், தண்ணி அள்ளும்போது அவருடைய போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம். புதிய போன் வாங்கும்வரை எனக்கு நிம்மதி. அன்றைக்குக் கல்லுக்கு வைத்த சந்தனம் பொட்டு அல்ல, காப்பு.

இப்படி இருக்கும்போதுதான் இந்தக் கார்த்திகை வந்தது.

அன்று காலை சிஞ்ஞோரா ரிவியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் இருக்காமல் ஜன்னலடியில் இருந்தார். ரிவியில் பழைய படம். இரவு நேரம், பெரிய மதில், அதன்மேல் இளம் பெடியள் ஏறி நின்று கைகோத்துக் கத்துகிறார்கள், கீழே சனம் கட்டிப்பிடித்து அழுகிறது. கொஞ்ச நேரத்தில் அவரே அதை நிறுத்தினார்.

“அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு வா. மெழுகுதிரியையும்.”

கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவருக்குக் கண் பார்வை குறைவு. கல்லைத் தடவிப் பார்த்தார், விரலை முகர்ந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“இந்த மஞ்சள் என்ன?”

“சந்தனம், சிஞ்ஞோரா.”

“எதற்கு?”

“வெள்ளிக்கிழமைக்கு.”

“வெள்ளிக்கிழமைக்கும் என் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?”

“உங்கள் சாமிக்கு... நானும் ஒரு பூ வைத்தேன். கொஞ்சம் கேட்கவும் கேட்டேன்.”

“என்னுடைய எதற்கு?”

நான் விளக்கினேன். குளிப்பாட்டியது, பூ, கும்பிட்டது எல்லாம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். சிரிக்கிறாரா மூச்சுத் திணறுகிறாரா என்று தெரியாமல் நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

“இது என்ன என்று உனக்குத் தெரியுமா? இப்போது ரிவியில் பார்த்தாயே, அந்த மதிலின் துண்டு, சிவப்பு யாரோ அதில் பூசிய வர்ணம். நீ பெர்லின் மதிலைக் கும்பிட்டிருக்கிறாய்.”

அந்த மதில் விழுந்த காலத்தில் நான் பள்ளிக்கூடப் பெடியன். றேடியோவில் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு அப்போது எங்கள் தலையில் என்ன விழும் என்பதுதான் கவலை. ஒரு ஊரை இரண்டாக வெட்டின மதில் என்ற அளவுக்குத் தெரியும். சிஞ்ஞோரா சிரித்ததால் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போது ஆவணியில் கேட்ட வரம் ஞாபகத்துக்கு வந்தது. சகோதரம் என்னை அண்டாமல் பார்த்துக்கொள் என்று நான் போயும் போயும் யாரிடம் கேட்டிருக்கிறேன்? பிள்ளையாரிடம் கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார். இது அந்தத் தொழிலையே செய்துவந்த கல்லு. உடனே செய்து தந்துவிட்டது.

“மதில் விழுந்தது நல்ல விசயம்தானே சிஞ்ஞோரா? அதற்குத்தானே விளக்கு?”

“எல்லோருக்கும் நல்ல விசயம்,” என்றார். “என் தங்கைக்கு மிக நல்ல விசயம். அவள் அந்தப் பக்கம் இருந்தாள், அம்மாவோடு. நான் இந்தப் பக்கம்.”

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். அந்தப் பக்கத்துச் சனத்துக்குத்தான் மதிலைத் தாண்டி வரமுடியாது. இந்தப் பக்கத்து ஆட்கள், ஆரம்ப வருடங்கள் கழிந்த பிறகு, அனுமதிச் சீட்டு ஒன்று எடுத்துக்கொண்டு போய்வர விட்டார்களாம். சிஞ்ஞோரா சில தடவை போனார். தாய் படுக்கையில். தங்கை வீட்டில் இருந்த நல்லதையெல்லாம் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, அக்காவின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒரு குறையும் சொல்ல மாட்டாளாம். திரும்பி வந்தால் சிஞ்ஞோராவுக்குச் சாப்பாடு இறங்காது.

“ஒருமுறை, எனக்குச் சீட்டுத் தரவில்லை என்று அவளுக்கு எழுதினேன். அடுத்த முறையும் எழுதினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவளால் சரிபார்க்க முடியாது. அவ்வளவு பெரிய மதில். என் சின்னப் பொய்யை அதன்மேல் சாத்தி வைத்தேன்.”

“பிறகு?”

“பிறகு அது விழுந்தது. என் கணவர் வைன் போத்தலோடு வீதிக்கு ஓடினார். எல்லோரும் அழுதார்கள். நான் குசினியில் இருந்து அழுதேன். ஏன் அழுகிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.”

சில நாள் கழித்துக் கதவில் தட்டல். தங்கை. தலையில் துண்டு, ஒரு கையில் கேக், மற்றக் கையில் இந்தக் கல்லு. உனக்குத்தான் சீட்டுத் தரவில்லையே, அதனால் நான் வந்தேன் என்றாளாம். கல்லை அக்காவின் கையில் வைத்து, உன்னை வரவிடாமல் மறித்தது இதுதான், இனி உன் வீட்டிலேயே கிடக்கட்டும் என்றாளாம்.

“சொன்னீர்களா அவரிடம்?”

“இல்லை. அவள் அதன்பிறகு சில வருடம்தான் உயிரோடு இருந்தாள். நன்றாக இருந்தோம். நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.” மெழுகுதிரியைக் குவளையோடு மெல்லத் திருப்பினார். “அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பதுதான் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் இதைக் கொளுத்திவைத்து அதைத்தான் யோசிக்கிறேன். நீ கும்பிட்டாய். நான் இதன் முன்னால் முழங்காலில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.”

சோகமான நேரத்தில் வாய் சும்மா இருக்காத சாதி நான். ஏதோ பகிடி விட வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நீ உன் அண்ணனோடு பேசும்போது எனக்கு ஒரு சொல்தான் விளங்கும். பெர்மெஸ்ஸோ. அது போன வருடமே வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டவள் நான். இன்னும் அதைப்பற்றி அவரிடம் என்ன சொல்கிறாய்?”

மூக்குக் கடித்தது. சொறியவில்லை.

பிள்ளையைக் குழப்படியில் பிடித்த மாதிரி அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு கதிரையைத் தள்ளிக் கொடுத்தவர்போலப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோப்பி அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிக் குசினிக்குப் போனேன். அடுப்பில் கோப்பி இருக்கவில்லை. குசினிப் பல்கனியில் நின்று, மனம் மாறுவதற்குள் போனில் அண்ணரின் நம்பரை அமத்தினேன்.

“அண்ணை, சாப்பிட்டாச்சே?”

“ஓமடா. என்ன இந்த நேரத்திலை? வேலைக்குப் போகேல்லையே?”

“வேலையிலைதான் நிக்கிறன். அண்ணை, அந்தக் காட் வந்திட்டுது.”

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. அண்ணர் அதை அதட்டிவிட்டு வந்தார்.

“ஆ, வந்திட்டுதே. நல்லது. எப்ப வந்தது?”

போன மார்கழி என்று சொல்லத்தான் போன் எடுத்தேன். சத்தியமாக அதற்குத்தான் எடுத்தேன்.

“இப்பத்தான் அண்ணை. இந்தக் கிழமை.”

“இந்தக் கிழமை.”

“ஓம்.”

“அப்ப சித்திரை வருசத்துக்கு உன்ரை மனிசி என்ரை மனிசிக்குச் சொன்னது எந்தக் காட்டடா? கலியாணக் காட்டோ?”

கீழே வீதியில் மீன்காரனின் வண்டி கத்திக்கொண்டு போனது.

“உங்களுக்குத் தெரியுமே அண்ணை?”

“தெரியும்.”

“பிறகேன் ஒவ்வொருக்காலும் கேட்டனீங்கள்?”

“நீயாய்ச் சொல்லுவாய் எண்டுதான் கேட்டனான். கேட்டுக் கேட்டு எனக்கும் விசர் பிடிச்சுது. அந்தப் போன் கிணத்துக்கை விழுந்தது எண்டு சொன்னனானெல்லே. அது விழேல்லை. ஒருநாள் நீ கந்தோர் எண்டு தொடங்கினாய், கதைச்சு முடிச்சாப்பிறகு நான்தான் தூக்கி எறிஞ்சனான். உன்ரை அண்ணி இண்டைக்கும் அதுக்குப் பேசிறா.”

கல்லு செய்த அற்புதம் அதுதான். என் அண்ணரின் கோபம்.

“அண்ணை, நான்...”

“சரி சரி, அழாதை, வேலைத்தலத்திலை நிண்டு. கொள்ளி நான் வைச்சிட்டன், அது முடிஞ்சுது. திவசத்தை ஒருக்கா நீ வந்து செய். ஐயர் ஒவ்வொரு வருசமும் இளையவர் எங்கை, இளையவர் எங்கை எண்டு கேக்கிறார். நானும் பெர்மெஸ்ஸோ எண்டு சொல்லிச் சொல்லி, இப்ப ஐயருக்கும் இத்தாலிப் பாசை வந்திட்டுது. தைக்கு வாறியோ?”

“வாறன் அண்ணை.”

“பிளேன் ரிக்கற்றைப் போட்டிட்டுச் சொல்லு. போடமுதல் சொல்லாதை.”

உள்ளே வந்தபோது சிஞ்ஞோரா மெழுகுதிரியைக் கொளுத்தியிருந்தார்.

“என்ன சொன்னார்?”

வழக்கமாக ஓடிவருகிற பொய் அந்த நேரம் பார்த்து வரவில்லை.

“அவருக்கு முன்னமே தெரியும், சிஞ்ஞோரா. தெரிந்துகொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் கல்லின்மேல் போய், சந்தனம் இருந்த இடத்தில் நின்றது. என் அண்ணருக்குத் தெரியும் என்றால், அந்தத் தங்கைக்கும் தெரிந்திருக்கும். கேக்கையும் கல்லையும் எடுத்துக்கொண்டு வந்து கதவில் தட்டியபோதே தெரிந்திருக்கும். எனக்குத் திருப்பிப் போன் எடுக்க அண்ணர் இருக்கிறார். இவருக்கு யார் இருக்கிறார்? என் பாரத்தில் பாதியை இறக்கி, அப்படியே ஒரு கிழவியின் மடியில் வைத்துவிட்டேன்.

“மன்னியுங்கள், நான் அப்படி நினைத்து...”

“தெரிந்துகொண்டு கேட்டாரா,” என்றார் அவர், என்னிடம் இல்லை. பிறகு என்னிடம்: “கோபப்பட்டாரா?”

“போனைக் கிணற்றில் எறிந்தாராம்.”

“அவளும் ஒருமுறை என் வீட்டில் ஒரு தட்டை உடைத்தாள்,” என்றார். “கை வழுக்கியது என்றாள்.”

மெழுகுதிரியைக் கல்லுக்கு இன்னும் கிட்ட நகர்த்தினார்.

லீவு கேட்க வேண்டியிருந்தது. தை மாதம், மூன்று கிழமை. இவரைத் தனியே விட்டுவிட்டுப் போவதா? அது நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியை அவரே கேட்பார் என்று உள்ளுக்குள் ஒருவன் காத்திருந்தான். நீ போனால் என்னை யார் பார்ப்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணரிடம் சொல்ல எனக்கு ஒரு புதுக் காரணம், அதுவும் உண்மையான காரணம், கிடைத்துவிடும்.

“தை மாதம் மூன்று கிழமை லீவு...”

“போ,” என்றார், நான் வசனத்தை முடிக்கமுதல். “உன் மனைவி வரட்டும். அவள் உன்னைவிட நன்றாகத் துடைப்பாள். என் கல்லில் ஒன்றும் பூசவும் மாட்டாள்.”

மஞ்சளைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் என் மனிசியின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணிக்குச் சொன்னனீரே?”

“சொன்னனான். பொய்யே சொன்னனான்?” என்று கேட்டுவிட்டு அவள் சோற்றை வடித்தாள். அந்த வீட்டில் பொய் சொன்ன ஆள் யாரென்று இரண்டு பேருக்குமே தெரிந்ததால் நான் கையை இடுப்பிலிருந்து எடுத்தேன்.

ரிக்கற் போட்டாயிற்று. போட்ட பிறகுதான் அண்ணருக்குச் சொன்னேன். அவர் இரண்டு தரம் திகதியைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவருடைய தோளையும், அம்மா இல்லாத அறையையும் எப்படிப் பார்ப்பது என்பது இன்னும் தெரியவில்லை. திவசத்தில் எந்தக் கைவிரலில் தர்ப்பை போடுவார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை.

இந்த வெள்ளிக்கிழமையும் கல்லின் தூசியைத் தட்டப் போனேன். துணியோடு நிற்கும்போது, விமானக்காரர் அந்த நாளில் வேலைநிறுத்தம் செய்தால் எப்படியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. இத்தாலியில் அது ஒன்றும் பெரிய வரமில்லை. கைகள் பழக்கத்தில் தாமாக நெஞ்சுக்குப் பக்கம் வந்தன. சிஞ்ஞோரா ஜன்னலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு கோப்பி போடப் போனேன். இந்த முறை உண்மையாகவே போட்டேன்.